பால் கொட்டிய பின்சீட்

பழைய கார் வாங்கியவர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், கதவைத் திறந்ததும் வருகிற அந்த ஸ்ட்ராபெரி வாசனை. விற்கிறவர்கள் எதையாவது மறைக்கத்தான் அந்த வாசனை அட்டையைத் தொங்கவிடுவார்கள். போன மாதம் கிள்ளானில் நான் வாங்கிய காரிலும் தொங்கியது. தலைவலி தாங்காமல் அதைக் கழற்றி வீசிய பிறகுதான் அடியில் இருந்தது மெதுவாக எழுந்து வந்தது. புளித்த பால் நாற்றம். விற்றவருக்குப் போன் செய்தேன்.

"சின்னப் புள்ள பால் கொட்டியிருக்கும் லா, அக்கா. ஜன்னல தொறந்து வச்சு ஓட்டுங்க, போயிடும்."

போகவில்லை. சமையல் சோடா தூவினேன். கிண்ணத்தில் காப்பித்தூள் வைத்தேன். அடுப்புக்கரியைத் துணியில் கட்டிப் போட்டேன். கடைசியில் என்ன தோன்றியதோ, ஒரு வெள்ளிக்கிழமை சாம்பிராணியைப் புகைய வைத்து உள்ளே காட்டிவிட்டுக் கதவுகளை இறுக மூடினேன். மறுநாள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் புறப்பட்டால், அபிஷேகம் முடிந்து கழுவாமல் விட்ட கோயிலுக்குள் உட்கார்ந்து போவது போல இருந்தது. படித்த முட்டாள் என்று என்னையே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். பெடரல் ஹைவேயில் பாதி தூரம் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பாலும் சாம்பிராணியும் சேர்ந்த இந்த நாற்றத்தில்தான் நான் வளர்ந்திருக்கிறேன். இது எங்கள் அப்பா காரின் நாற்றம்.

அப்பா கேரி தீவுத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அண்ணனுக்கு ரத்தத்தில் கோளாறு என்று டாக்டர் சொன்ன பிறகு, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்காகவே ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். அம்மா தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். எல்லோரும் அங்கே போய் டின் பாலை உடைத்து ஊற்றிக்கொள்வார்கள். அம்மாவுக்கு அது ஆகாது. மகனுக்காக எடுப்பது, பசும்பாலாகத்தான் இருக்க வேண்டும். மாடு வைத்திருந்த ஒருவரிடம் சொல்லிவைத்து வாங்கி, வீட்டிலேயே குடத்தை நிரப்பி, வாழை இலையால் மூடி, மஞ்சள் துணியால் கட்டினாள். பின்சீட்டில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள், பக்கத்தில் நான், முன்னால் அண்ணன்.

வழியில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே புகுந்தது. அப்பா பிரேக்கை அழுத்தினார். குடம் முன்னால் சாய்ந்து, பாதிப் பால் அம்மாவின் சேலையிலும் சீட்டிலும் இறங்கிவிட்டது. அப்பா காரை ஓரமாக நிறுத்தினார். அண்ணன்தான் திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"பரவால்லம்மா. நம்ம காருக்கும் அபிஷேகம் ஆயிடுச்சு."

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். மிச்சப் பாலோடு படியேறினாள்.

அடுத்த தைப்பூசத்துக்கு அண்ணன் இல்லை.

கார் இருந்தது. அதற்குள் அந்த நாற்றமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பனியனோடு பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, சவர்க்காரமும் எலுமிச்சையும் போட்டு அதே இடத்தைத் தேய்ப்பார். துணி வெளுத்து நூல் பிரிந்த பிறகும் தேய்த்தார். அவர் வேலைக்குப் போயிருக்கும் நாட்களில் அம்மா வருவாள். சீட்டுக்கு அடியில் வாசனைக்குப் பாண்டான் இலை வைப்பாள், வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணி காட்டுவாள். அடுத்த ஞாயிறு அப்பா அந்த வாடின இலைகளை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் அழுத்தித் தேய்ப்பார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. நாற்றத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்பா பிறகு பிரேக்கை மிதித்ததே இல்லை எனலாம். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரியும்போதே வேகத்தைக் குறைத்துவிடுவார். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். "அப்பா, சைக்கிள்காரன் முந்திட்டான்" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொள்வார்.

அந்தக் கார் ரவாங்கில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனது. சில வருடங்களில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அவர் காரியம் முடிந்த மறுநாள், துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னாள்:

"அன்னைக்குப் பால்குடத்துத் துணிய நான் சரியா கட்டல. நேரமாச்சுன்னு சும்மா ஒரு சுத்து சுத்திட்டேன். கார்ல ஏறினப்பவே முடிச்சு தளந்துருச்சு. மடியிலதான இருக்குன்னு விட்டுட்டேன்."

"அப்பாகிட்ட சொன்னியாம்மா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அவரு பிரேக்காலதான்னே நெனச்சுக்கிட்டு போயிட்டாரு."

கொட்டிய பாலுக்கும் அண்ணன் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்து என்ன பயன். அம்மா வைத்த இலை அப்பாவுக்கும், அப்பா தேய்த்தது அம்மாவுக்கும் குற்றச்சாட்டாக இருந்திருக்கிறது. எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. அப்பா சட்டையை இன்னும் நீவிக்கொண்டிருந்த அவள் விரல்களைப் பார்த்ததும் அந்தக் கோபம் தங்கவில்லை. போன வருடம் அவளும் போய்விட்டாள்.

என் காரைக் கடைசியில் கிள்ளானில் கார் கழுவும் கடையில் விட்டேன். சீட்டையே கழற்றிப் பஞ்சைத் துவைத்துக் காயவைத்து, ஏதோ ஒரு மெஷினை உள்ளே ஓடவிட்டார்கள். சாயங்காலம் போனேன்.

"உக்காந்து பாருங்க அக்கா. வாசம் வருதா?"

வரவில்லை. பாலும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. இவ்வளவு சுலபமாகப் போகிற ஒன்றைத்தான் அவர்கள் அத்தனை வருடம் தேய்த்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

முதல் சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்ததுமே கால் தானாக வேகத்தைக் குறைத்தது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட் சுத்தமாக இருந்தது. அதில் யாருமில்லை.