அத்தான் தேடிய இலக்கம்

பென்டில் ஹில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, அதன்மேல் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியை மூன்று துண்டாகக் கழற்றி வைத்திருந்தார் அத்தான். சோற்றுச் சட்டியை வைக்க இடமில்லாமல் அக்கா குசினி வாசலில் நின்றாள். அவரோ குழல்களைக் கவிழ்த்து, அடியில் பொறித்திருந்த பொடி எழுத்துகளைப் பூதக்கண்ணாடியால் வாசித்துக்கொண்டிருந்தார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து கடல்கடந்து வந்து அக்கா வீட்டில் தங்கி, பரமட்டாவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்துவந்தேன். இந்த மனிதருக்கு ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ரயில்வேயில் வரைபடம் வரைபவர். கோழி அறுப்பதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் சனிக்கிழமை விடிந்தால் பிளாக்டவுனுக்கு அப்பால் பண்ணைச் சாமான்கள் ஏலம் போகும் இடங்களில் நிற்பார். இங்கிலாந்தின் ஒரே ஒரு கம்பெனி செய்த துப்பாக்கிகளை மட்டுமே, துருப்பிடித்திருந்தாலும் வாங்குவார். ஒவ்வொன்றின் இலக்கத்தையும், குழல் எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் கொப்பியில் எழுதிக்கொள்வார். கட்டிலுக்குக் கீழே கூட்ட முடியவில்லை என்று அக்கா புறுபுறுப்பாள்.

காரணத்தை ஒருநாள் அக்காதான் சொன்னாள். அத்தானின் தகப்பனார் வன்னியில் ஒரு வெள்ளைக்கார நீர்ப்பாசன எஞ்சினியரிடம் வேலை செய்தவர். துரை குளத்துத் தாரா வாத்துகளைச் சுடப் போகும்போது துப்பாக்கி தூக்கிப் போவார். ஒருநாள் காலை, குளத்துச் சேற்றில் நின்று அவர் எடுத்துக்கொடுத்த துப்பாக்கி துரையின் கையிலேயே வெடித்து மூன்று விரல்கள் போய்விட்டன. குழல் வாயில் சேறு அடைத்திருந்ததைப் பார்க்காமல் கொடுத்தார் என்று விசாரணையில் எழுதினார்கள். வேலை போயிற்று. ஊரில் 'விரல் தின்னி' என்று பட்டம் வைத்தார்கள். அவர் சாகும்வரை சொன்னது ஒன்றைத்தான்: "நான் குழலுக்குள்ள பாத்துத்தான் குடுத்தனான்." பள்ளிக்கூடத்தில் பகிடி தாங்கமுடியாமல் வந்த ஒருநாள், பன்னிரண்டு வயது அத்தான் அவர் முகத்துக்கு நேரே, "பொய் சொல்லாதேங்கோ ஐயா" என்று சொல்லியிருக்கிறார். அதன்பிறகு தகப்பனார் மகனோடு சரியாகப் பேசவே இல்லையாம்.

அந்தக் காலத்துக் குழல்களில் சில, இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்தவை. பழைய கரிமருந்தைத் தாங்கும். பின்னால் வந்த புகையில்லாத வெடிமருந்தைத் தாங்காமல் வெடித்துவிடக்கூடும். துரையின் துப்பாக்கி அப்படிப்பட்டதென்றால் பிழை தோட்டாவில், ஐயாவில் அல்ல. அந்தத் துப்பாக்கி எங்கே போயிற்றோ தெரியாது. அதன் இலக்கம் மட்டும் விசாரணைக் கடுதாசியில் இருந்தது. அதற்கு அருகிலுள்ள இலக்கத் துப்பாக்கிகள் எப்படிச் செய்யப்பட்டவை என்று பார்த்தால் விடை தெரியும் என்பது அத்தானின் கணக்கு. அகப்பட்டவற்றில் சில முறுக்குக் குழல், சில உருக்குக் குழல். "இன்னும் ஒண்டு ரெண்டு துவக்கு கிடைச்சாத் தெரிஞ்சிடும்" என்பார் ஒவ்வொரு முறையும்.

எனக்குப் பொறுமை கிடையாது. நாள் முழுக்க ஊரார் கடிதங்களைத் தட்டுகிற எனக்கு, ஒரு கடிதத்தில் முடிகிற விஷயத்துக்கு மனிதர் ஏன் இப்படி அலைகிறார் என்று எரிச்சல். பரமட்டா நூலகத்தில் அந்தக் கம்பெனியின் விலாசத்தைத் தேடிப்பிடித்து, மதிய இடைவேளையில் அத்தான் பெயரில் ஒரு கடிதம் தட்டி, அவர் கொப்பியில் பார்த்த துரையின் துப்பாக்கி இலக்கத்தையும் அது வெடித்த விதத்தையும் குறிப்பிட்டு அனுப்பினேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. அத்தான் இரண்டு முறை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மிக மரியாதையான கடிதம். அந்த இலக்கத்துத் துப்பாக்கி உருக்குக் குழல் கொண்டது, புது மருந்துக்கென்றே செய்து சோதிக்கப்பட்டது என்று அவர்களுடைய பதிவேடு சொல்கிறதாம். குழல் வாயை ஏதாவது அடைத்திருந்தாலொழிய அப்படி வெடிப்பது அரிது என்றும் எழுதியிருந்தார்கள்.

நான்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். ஒரு வருடத்துக்குள் துப்பாக்கிகள் எல்லாம் விலைப்பட்டுவிட்டன. சனிக்கிழமைகளில், வெட்டிய புல்லையே திரும்ப வெட்டிக்கொண்டு நின்றார். தகப்பனாரைப் பற்றிய பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. அன்றைய அவர் வயதை நான் தாண்டி எத்தனையோ வருடமாகிறது. இன்று எனக்கு வருகிற சில கடிதங்களை நான் உடைக்காமலே வைத்திருக்கிறேன்.

அத்தானின் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்தபோது, அன்று எழுதியிருக்கக் கூடாது என்று சொல்லி அழுதேன். விலாசம் தெரியாமல்தான் அவர் அத்தனை வருடம் அலைகிறார் என்று நினைத்துவிட்டதாகச் சொன்னேன். அவர் என் கையைத் தட்டினார்.

"முதல் வாங்கின துவக்கின்ர பெட்டி மூடியிலயே விலாசம் ஒட்டியிருந்தது, பிள்ளை. நான்தான் எழுதேல்லை."