ரெங்கசாமி பிடித்து வைத்த இடம்

சிங்கப்பூரில் சுவா சூ காங் பக்கம் இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர் ரெங்கசாமி. ஐம்பத்தொன்பது வயது. இந்த வயதில் மனிதருக்கு வந்த கிறுக்கைப் பாருங்கள்: பிரெஞ்சு ராப் பாடகன் ஒருவன்மேல் பைத்தியம்! சலூம் என்று பெயர். செனகலிலிருந்து பிழைக்கப் போனவர்களின் பிள்ளை, பாரிஸ் புறநகரில் பிறந்தவன்.

பள்ளியில் பிரெஞ்சு படித்த மகள் வைதேகிதான் அவனுடைய முதல் பாட்டைப் போட்டுக் காட்டி அர்த்தமும் சொன்னாள். பாட்டில் வரும் அப்பா பேருந்து ஓட்டுகிறவர், பிள்ளைகள் தூங்கிய பிறகே வீடு திரும்புகிறார். "அப்பா, இன்னைக்காவது சாப்பிட வருவியா?" என்று மகன் கேட்கிறான். அவ்வளவுதான் பாட்டு. ரெங்கசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அதன்பின் பேருந்து முனையத்துக் கேன்டீனில் ஓயாமல் அவன் புராணம்தான். "ரயில் நிலைய வாசல்ல சிடி வித்த பையன் தெரியுமா! இப்ப ஸ்டேடியத்துல அம்பதாயிரம் பேரு!" பெற்ற தகப்பன் தோற்றான், போங்கள். சக ஓட்டுநர் முகமது யூசுப் விடுவாரா? "அண்ணே, பையனுக்குப் பொண்ணு பாத்தாச்சா?" என்று வம்புக்கு இழுப்பார்.

சலூம் சிங்கப்பூர் வருகிறான் என்றதும் ரெங்கசாமி லீவு போட்டார். அப்பாவைக் கேட்கும் அந்த வரி வரும்போது, கூட்டத்தில் யாராவது ஒருவரிடம் மைக்கை நீட்டிப் பாட வைப்பது அவன் வழக்கம். அதைத் தான் பாடிவிட வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மூன்று மாதம் உருப்போட்டார்.

நின்றபடி பார்க்கும் டிக்கெட். தேக்கா கடைத்தெருவில் வாங்கிய புதுச்சட்டையோடு மத்தியானமே போய் மேடைக்கு நேர் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆறரை மணிக்கு நீரிழிவு தன் வேலையைக் காட்டியது. கழிப்பறைக்குப் போயே ஆக வேண்டும். இடம்? உணவங்காடியில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடத்தைச் 'சோப்' பண்ணுவது, அதாவது பிடித்து வைப்பது, ஊர் வழக்கமாயிற்றே! இவரும் ஒரு பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

அங்கோ அனுமார் வாலாக வரிசை. இவர் முறை வருவதற்குள் சலூம் பாட ஆரம்பித்துவிட்டான். "போச்சு, எல்லாம் போச்சு!" மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

நெளிந்து வளைந்து முன்னால் வந்து பார்த்தால், அத்தனை நெரிசலிலும் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருக்கிறது. நடுவில் டிஷ்யூ. ஒருவரும் மிதிக்கவில்லை! "அங்கிள் சோப் பண்ணிட்டாரு லா, வழி விடுங்க!" என்று ஒரு பெண் கத்தினாள்.

மேடையிலிருந்து சலூமும் அந்தக் காலி இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் போலும். அப்பா பாட்டு வந்ததும் குனிந்து, மைக்கை நேரே ரெங்கசாமியின் வாயருகே நீட்டினான்.

மூன்று மாதம் உருப்போட்டதெல்லாம் மாயமாய்ப் போயிற்று. முதுகில் கூட்டம் இடிக்க, வாய் தானாகத் திறந்தது. "மூவ் இன் ப்ளீஸ்! பின்னால இடம் இருக்கு, மூவ் இன்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். இருபத்தாறு வருடத்தில் அவர் பேச்சு எடுபட்டது அன்றுதான்.

சலூம் சிரிக்கவில்லை. "பஸ் டிரைவர்?" என்று கேட்டான். ரெங்கசாமி வெட்கத்தோடு தலையாட்டினார். அவன் மேடை விளிம்பில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து அந்த வரியைத் தானே பாடினான். இன்றைக்காவது சாப்பிட வருவாயா என்று.

"வர்றேன்டா கண்ணா," என்றார் ரெங்கசாமி.