ஒரே தாவலில் கடக்க முடியாத தூரம்

இந்த ஊரில் சாவைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை. ஸ்வீடனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஆய்வகத் தோழி இங்க்ரிட் காபி இயந்திரத்தின் முன் நின்று, "நேற்று அம்மா இறந்துவிட்டாள்" என்றாள். பிறகு, பால் தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். கோப்பையோடு நின்றேன். அழுவதா, பால் எடுத்துத் தருவதா?

எங்கள் வேலை, புரதங்களுக்குள் எலக்ட்ரான் போகும் வழியைப் பார்ப்பது. நாம் இழுக்கும் மூச்சு உயிராக மாறுவதே அந்தப் பயணத்தால்தான். ஆனால் பெரிய புரதத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு எலக்ட்ரானால் ஒரே தாவலில் போக முடியாது. இடைவெளி சற்றுக் கூடினாலே தாவும் வாய்ப்பு படுவேகமாகக் குறைந்துவிடும். நடுநடுவே ஓர் இரும்பணு, டிரிப்டோஃபேன் என்னும் ஓர் அமினோ அமிலம் என்று தங்குமிடங்கள் வேண்டும். ஒன்றில் ஒரு கணம் இருந்து, அடுத்ததற்கு. நாங்கள் அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு, வழி திணறுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தம்பி தவறிப்போனபோது நீலகிரியில் எனக்கும் அப்படித்தான் வழி போட்டிருந்தார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது புதிதல்ல. "தம்பிக்குச் சளிதான், ஒருநடை வந்துட்டுப் போம்மா" என்று சித்தப்பா போனில் சொன்னார். கோவை விமான நிலையத்தில் தம்பியின் கூட்டாளி மணி, "ஆஸ்பத்திரியில வெச்சிருக்குதுங்க்கா, ஒண்ணும் பயமில்லீங்க" என்றான். மலையேறும் வழியில் பர்லியாறில் வண்டியை நிறுத்தி, "பிளைட்டுல வர்ற மகாராணிக்கு மொதல்ல டீ வாங்கிக் குடுன்னு உங்க தம்பி உத்தரவுங்க" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். குன்னூரில் மணியின் மனைவி ஏறினாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அங்கே தெரிந்துவிட்டது. கேத்தியில் எங்கள் வாசலில், கேரட் மூட்டைக்குப் போர்த்தும் நீலத் தார்ப்பாயைப் பந்தலாகக் கட்டியிருந்தார்கள். அதன் கீழே நடந்துபோக என் கால்களில் பலம் இருந்தது.

திரும்பி வந்து சொன்னபோது, "எல்லாரும் உன்னிடம் பொய் சொன்னார்களா?" என்றாள் இங்க்ரிட். என்னை ஏந்தி வந்தார்கள் என்பதற்கு அவள் மொழியில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. கோபமும் இருந்தது. அந்த டீயைச் சிரித்துக்கொண்டல்லவா குடித்தேன்! மணியை அழைத்து, "அப்பாவுக்கு ஏதாவதுன்னா நேராச் சொல்லிரணும். சுத்தி வளைச்சீன்னா அப்பறம் உங்கூடப் பேசவே மாட்டேன்" என்றேன்.

சென்ற வாரம் மணி அப்படியே செய்தான்.

"அக்கா, அப்பா போயிட்டாருங்க."

நடுவில் சித்தப்பா இல்லை, மலைப்பாதை இல்லை, மடி இல்லை. தாழ்வாரச் சுவரில் சாய்ந்தேன். காதுக்கு வந்த செய்தி எனக்கு வந்து சேரவில்லை. மறுமுனையில் மணிதான் அழுதான். "இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா அக்கா?"

இங்க்ரிட்டிடம் அவள் மொழியில் சொன்னேன்: அப்பா இறந்துவிட்டார். தடையில்லாமல் வந்தது. அணைத்துக்கொண்டாள். பிறகு வேறு நகரத்தில் படிக்கும் மகளைக் கூப்பிட்டேன். என் அப்பா அவளுக்கு அப்பிச்சி. பனியில் அவள் தனியாக ரயிலேறி வர வேண்டும். அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அப்பிச்சிக்குக் கொஞ்சம் முடியலியாம் கண்ணு. நீ கெளம்பி வா, சேர்ந்து போலாம்."

ஸ்வீடிஷ் மொழியில் அப்பா இறந்துவிட்டார். தமிழில், கேத்தி வீட்டு ஜன்னலோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இன்னும் இருமிக்கொண்டிருந்தார்.