கரிநாக்குக்காரர் வாயைக் கட்டிய மாதம்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதமே, மெஷின் பழுதுபார்க்கும் பிட்டருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் வெந்நீர்க் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் ரெண்டு நாள் தாங்கினா பெரிய விஷயம்" என்றார். மறுநாளே குழாய் வெடித்துக் கூடம் முழுக்க வெந்நீர். மட்டமான குழாயை வாங்கிப் போட்டவனை யாரும் திட்டவில்லை. பத்து வருஷமாக அதை மாற்றாமல் விட்டவனையும் திட்டவில்லை. "அந்த மனுஷன் வாயை வச்சாரு, போச்சு" என்றார்கள். அன்றிலிருந்து எதிரே பார்த்தால் பிட்டர் அண்ணன், முதுகு திரும்பினால் கரிநாக்கு.

எந்த மெஷின் எப்போது கெடும் என்று முன்கூட்டிச் சொல்வதுதானே ஐயா ஒரு பிட்டரின் வேலை? அதைச் சொன்னதற்குப் போய் ஒரு மனிதனைக் கரிநாக்கு என்றால் என்ன செய்வது! மாமியார் வீட்டிலும் இதே கதைதான். கல்யாணமான புதிதில், தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்து, "கொக்கி தேஞ்சிருக்கு, விழுந்துரும்" என்றார். ஒரு வாரத்தில் விழுந்தது. நல்லவேளை, கீழே கட்டிலில் யாரும் இல்லை. அதற்குப் பிறகு அவர் படியேறினாலே மச்சினன், "மாமா வர்றாரு, புதுச் சாமானையெல்லாம் எடுத்து உள்ள வைங்க" என்று கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவைப்பார். இருபத்தெட்டு வருஷம் சிரித்தாயிற்று.

இப்போது வயது ஐம்பத்தேழு. வலது முழங்கால் படியிறங்கும்போது முனகும். அப்படியும் காலையில் மெஷின்கள் ஓடத் தொடங்கும் முன்பே வந்து, கைவிளக்கோடு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். பதினாறு மெஷின். அது முடிந்ததும் வாசல் பக்கம் ஆணியில் கயிறு கட்டித் தொங்கும் குறை நோட்டைப் புரட்டுவார். 'மூணாம் நம்பர் கதவு ஒழுகுது', 'டிரையர் ஊளையிடுது, வந்து என்னன்னு கேளுங்க' என்று அதில் வேலைக்காரப் பெண்கள் கிறுக்கி வைத்திருப்பார்கள். சரி செய்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கோடு போடுவார்.

அந்த நோட்டுக்கு ஒருநாள் கேடு வந்தது. மேனேஜர் மூன்று நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்விட்டு முகமெல்லாம் பளபளவென்று திரும்பி வந்தார். வந்த கையோடு எல்லோரையும் மடிப்பு மேஜையைச் சுற்றி உட்காரவைத்து வகுப்பெடுத்தார். "நாம எதை நெனைக்கிறோமோ அதுதான் நம்மகிட்ட வரும். இத்தனை வருஷமா ஒழுகுது ஒழுகுதுன்னு எழுதுனீங்க. என்ன ஆச்சு? ஒழுகிக்கிட்டேதானே இருக்கு?" என்றார். டீ கொடுத்து ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அதற்காகவே எல்லோரும் கை தட்டினார்கள். குறை நோட்டு போய், மஞ்சள் அட்டை போட்ட நன்றி நோட்டு ஒன்று அதே ஆணியில் தொங்கியது.

பிட்டர் அந்த வகுப்பில் இல்லை. கொதிகலனில் நீராவி ஏறிக்கொண்டிருக்கும்போது அதை விட்டு நகர முடியாது. கூடத்தில் கை தட்டும் சத்தம் மட்டும்தான் அவருக்குக் கேட்டது. பிற்பாடு நடைவழியில் மேனேஜர் அவரை நிறுத்தி, "பிட்டர் சார், தினமும் காலைல ஒவ்வொரு மெஷினா போய்க் குறை தேடுறீங்களே, அதை விட்டுருங்க. தேடினா கெடைக்கத்தான் செய்யும். இனிமே நோட்டைப் பாருங்க, போதும்" என்றார். வேறு சமயமாக இருந்தால் பிட்டர் சண்டைக்கு நின்றிருப்பார். அன்று வாய் திறப்பதற்குள் முழங்கால் சரி என்று சொல்லிவிட்டது. தினமும் பதினாறு முறை குனிந்து நிமிர வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! அந்த நிம்மதியை அவரால் பிறகு மறக்கவே முடியவில்லை.

வீட்டிலும் அதே காற்றுதான் அடித்தது. மகள் பிள்ளைத்தாய்ச்சி. ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போய்விட்டது. மனைவி காலையில் போனைச் சமையல் மேடையில் சாய்த்துவைத்துக்கொண்டு, யாரோ ஓர் அம்மாள் இனிக்க இனிக்கப் பேசுவதைக் கேட்டுக்கொண்டேதான் அடுப்பைப் பற்றவைப்பாள். பீரோ கதவில் ஒரு கொழுகொழு குழந்தையின் படத்தை ஒட்டியிருந்தாள். தினமும் அதன் முன் நின்று, "வந்துட்டியா கண்ணு, வந்துட்டே" என்பாள். கேட்கப் பாவமாக இருக்கும்.

ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்தாள். "என்னங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. போன தடவை, கால் வீங்கியிருக்கு, ஏதோ சரியில்லைன்னு நீங்க சொன்னீங்க. நாலாம் நாள் போயிருச்சு. உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா இது கடைசி மாசம். இந்த ஒரு மாசம் மட்டும் வாயைக் கட்டுங்க. யாரைப் பத்தியும், எதைப் பத்தியும் கெட்டதா ஒரு வார்த்தை வேணாம். மனசுல கூட நெனைக்காதீங்க."

ஊரார் ஆயிரம் சொல்லட்டும், இவளுமா இத்தனை நாள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள்? அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தேய்ந்தது அறுந்து விழும், அவ்வளவுதான் அவருடைய சாஸ்திரம். ஆனால் பெற்ற மகளின் வயிற்றை வைத்து யார் சோதனை செய்து பார்ப்பார்கள்? "சரி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

சலவைக்கூடத்தில் அவரைக் கரிநாக்கு என்று சொல்லாத ஒரே ஆள் ரோலர் இஸ்திரியில் நிற்கும் பெண்தான். நாற்பது வயது, வாயாடி, தான் சொன்ன ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிறவள். "எங்கண்ணன் நாக்குல கரி இல்ல, கிரீஸு. துடைச்சா போயிரும்" என்பாள். கொதிக்கிற உருளைகளுக்கு நடுவே ஈரப் போர்வையைத் தள்ளுவது அவள் வேலை. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். விரல் தவறி அதைத் தொட்டால் உருளை அந்த நொடியே நிற்க வேண்டும். தினமும் வேலையைத் தொடங்கும்போது அவளே போர்வை நுனியால் கம்பியை அழுத்திப் பார்ப்பது வழக்கம்.

மனைவிக்கு வாக்குக் கொடுத்த மறுநாள் காலை அந்தப் பக்கமாகப் போன பிட்டர் சட்டென்று நின்றார். அவள் கம்பியை அழுத்தினாள். உருளை நின்றது. ஆனால் அரைச் சுற்று சுற்றிவிட்டுத்தான் நின்றது. இருபத்தெட்டு வருஷத்துக் காது, அதை ஏமாற்ற முடியாது. 'தங்கச்சி, மெஷினை நிறுத்து, கையை உள்ள இழுத்துரும்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கூடவே பீரோவில் ஒட்டியிருந்த குழந்தையும் கண்ணுக்குள் வந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டு, சற்று நேரம் கழித்து வாசலுக்குப் போய் நோட்டைத் திறந்தார். அவளுடைய குண்டு குண்டு எழுத்து: 'இஸ்திரி ரோலர் தடுப்புக் கம்பி, தொட்டவுடன் நிற்கிறது. மிக்க நன்றி.'

அப்பாடா என்றிருந்தது. தினமும் அதோடு மல்லுக்கட்டுகிறவளே சொல்கிறாள், நமக்குத்தான் காது மந்தமாகிவிட்டது என்று கொதிகலன் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த நாளும் அதே வரி இருந்தது. அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. இத்தனை வருஷத்தில், ஒழுங்காக ஓடுகிற மெஷினைப் பற்றி எவளாவது ஒருத்தி ஒரு வரி எழுதியிருக்கிறாளா? வந்த யோசனையை, 'புது நோட்டு, புதுப் பழக்கம்' என்று ஒதுக்கித் தள்ளினார். எழுந்து போய்ப் பார்க்க அலுப்பாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அவ்வளவுதான், அலுப்பு.

ஆறாம் நாள் முற்பகல் கூடத்திலிருந்து அலறல் வந்தது. முழங்காலை மறந்து ஓடி மெயின் சுவிட்சை அணைத்தார். உருளையைக் கையால் பின்னுக்குச் சுற்றி அவள் விரல்களை வெளியே எடுத்தார். அழுக்குத்துணித் தள்ளுவண்டியிலேயே அவளைக் கிடத்தி மேலே வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"நன்றின்னு எழுதியிருந்தாளே, கம்பி நல்லா நிக்குதுன்னு!" என்று பிட்டர் கத்தினார்.

மடிப்பு மேஜைப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "கெட்டதை எழுதக் கூடாதுல்லண்ணே. எது வேணுமோ அது நடந்துட்ட மாதிரியே எழுதி நன்றி சொல்லணும்னு மேனேஜர் வகுப்புல சொல்லிக் குடுத்தாரே? கம்பி கெட்டு ஆறு நாளாச்சு. அதான் தினமும் மிக்க நன்றி போட்டா. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. பிட்டருக்குத் தெரியாமலா இருக்கும் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருக்கிறாள். அன்று பிற்பகல் கம்பியைக் கழற்றிப் பார்த்தார். சுண்டுவிரல் அளவு ஸ்பிரிங் ஒன்று உடைந்திருந்தது. அதே அளவில் நாலு ஸ்பிரிங் அவருடைய டிராயரிலேயே கிடந்தது. மாற்றப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

விசாரணை என்று ஒன்று நடந்தது. நோட்டைப் புரட்டினால் சம்பவத்தன்று காலை வரை எல்லாமே பிரமாதம். 'பணியாளரின் கவனக்குறைவு' என்று மேனேஜர் எழுதி முடித்தார். பிட்டரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. கூடத்தில் மட்டும், "கரிநாக்கு எதையாச்சும் சொல்லித் தொலைச்சிருக்கும்" என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவர் ஒன்றுமே சொல்லாமல் இருந்த மாதம் அது!

வார்டில் அவள் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஸ்பிரிங் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவர் போனார். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க சொன்னா நடக்கும்னு எல்லாரும் சொல்றாங்கல்லண்ணே. நான் சிரிப்பேன். இப்பக் கேக்குறேன், வெரலு பழையபடி மடங்கும்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க."

இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் நர்சிடம் சொன்னதை, உள்ளே வருவதற்குச் சற்று முன்தான் அவர் காதால் கேட்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். "மடங்கும்மா" என்றார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே படியிறங்கினார்.

அடுத்த வாரம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மனைவி அழுது சிரித்து, "பாத்தீங்களா, நீங்க வாயைக் கட்டினது வீண் போகல" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை அவர் மடியில் இருந்தது. அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மடக்கிப் பார்த்தார். எல்லாம் மடங்கின.

மூன்று மாதம் கழித்து இஸ்திரிக்காரி வேலைக்குத் திரும்பினாள். துணி எண்ணும் மேஜையில் போட்டார்கள். இரண்டு விரல் விறைத்துக்கொண்டு நிற்க, மற்ற விரல்களால் தலையணை உறைகளைத் தள்ளித் தள்ளி எண்ணினாள். ஜோக்கு எதுவும் சொல்லவில்லை. பிட்டர் மறுபடியும் காலைச் சுற்றைத் தொடங்கியிருந்தார். மேனேஜர் ஒருமுறை பார்த்தார், தடுக்கவில்லை. சுற்று முடிந்து மேஜைப் பக்கம் வந்தவரிடம் அவள் மெதுவாகப் பேசினாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க வாக்குல குறையில்ல. என் மேலதான் குறை. நோட்டுல எழுதும்போதும் உள்ளுக்குள்ள நிக்காது நிக்காதுன்னுதான் நெனச்சேன். நீங்க மடங்கும்னப்பவும் சந்தேகப்பட்டுட்டேன். முழு மனசா நம்பியிருந்தா மடங்கியிருக்கும். தெனமும் அதை நெனச்சு என்னையே திட்டிக்கிட்டு இருக்கேன்."

இதற்கு மேல் வாயைக் கட்டினால் அவர் மனிதனே இல்லை.

"நீ நெனச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. ஸ்பிரிங் உடைஞ்சிருந்துச்சு. என் டிராயர்ல நாலு கெடந்துச்சு. உருளை லேட்டா நின்னதை என் காதால கேட்டேன். கேட்டும் சொல்லல. மக பிரசவத்தை நெனச்சு வாயை மூடிக்கிட்டேன். அதுக்கப்புறம் எந்திரிச்சுப் போய்ப் பாக்க அலுத்துக்கிட்டேன். வெரலு மடங்காதுன்னு டாக்டர் சொன்னதும் எனக்குத் தெரியும். உங்கிட்ட பொய்தான் சொன்னேன்."

அவள் எண்ணுவதை நிறுத்தினாள். "எப்பக் கேட்டீங்க?"

"மொத நாளே."

அவள் முகத்தில் மூன்று மாதமாகக் கிடந்த குற்றவாளிக் களை மெல்லக் கலைந்து, அங்கே கோபம் ஏறுவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நகரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லாதவள், மடங்காத கையை மேஜை மேல் ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"ஊரே கரிநாக்கு கரிநாக்குன்னு சொல்லுச்சே. அந்த நாக்கை அன்னிக்கு எங்கண்ணே வச்சிருந்தீங்க?"