வீட்டுக் காய்ச்சல்

அந்தமானில் காய்ச்சல் என்று சொன்னால் யாரும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. விரலை நீட்டச் சொல்கிறார்கள். ஒரு குத்து, கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தம், மலேரியா உண்டா இல்லையா என்று ஒரு பதில். கல்யாணமாகி இந்தத் தீவின் கராச்சர்மா ஊருக்கு வந்த புதிதில், எனக்கு ரத்தம் எடுக்க வந்த சுகாதாரப் பணியாளர் ஒரு பெங்காலிக்காரர். ஒவ்வொரு முறையும் "நெகட்டிவ் ஹை மேடம், குஷ் ஹோ ஜாவோ" என்பார்; மலேரியா இல்லை, சந்தோஷப்படுங்கள் என்று. எனக்கோ உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், அப்போது தெரிந்த அரைகுறை இந்தியில், "பையா, யே கர் கா புகார் ஹை" என்றேன், இது வீட்டுக் காய்ச்சல் என்று. பிறந்த வீட்டிலிருந்தே கூட வருகிற காய்ச்சல் என்று சொல்ல நினைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் என்று அவர் புரிந்துகொண்டார். மறுநாள் காலை கொசு மருந்து அடிக்க இரண்டு பேரோடு வந்து நின்றார். என் கணவர் செல்வம் பீரோவை நகர்த்திக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தால் விலா வலித்தது.

அந்தக் காய்ச்சல் காரைக்குடியில் என் அப்பாவுக்கு இருந்தது, அண்ணனுக்கு இருந்தது, எனக்கும் இருந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை வரும். வயிறும் நெஞ்சும் பிடித்துக்கொள்ளும். நாலைந்து நாளில் தானாகவே இறங்கிவிடும். குடல்வால் என்று நினைத்து அண்ணனுக்கு ஆபரேஷன்கூடச் செய்தார்கள். தையல் ஆறுவதற்குள் அடுத்த காய்ச்சல் வந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது அம்மா சொன்னது ஒன்றுதான்: "கேட்டா சொல்லு. கேக்காட்டி நீயாச் சொல்லாத." யாரும் கேட்கவில்லை.

நாற்பதைத் தாண்டிய பிறகு வேறொன்று தொடங்கியது. நான் இங்கே தமிழ் வழிப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வகுப்பு வரை வந்துவிட்டேன். "டீச்சர், ஒரு செருப்பு எங்க?" என்று பிள்ளைகள் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். இடது பாதம் வெறுங்காலாக இருந்தது. கழன்றது தெரியவே இல்லை. அடுத்த மாதம் ஒரு கண்ணில் புகை படிந்தது போல ஆனது. இங்குள்ள டாக்டர் நீண்ட நேரம் பரிசோதித்துவிட்டு, "மெயின்லேண்ட் ஜாயியே" என்றார். இந்தத் தீவில் அதற்கு, இங்கே பார்க்க முடியாத நோய், கடல் தாண்டிப் போ என்று அர்த்தம்.

சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்றார் நரம்பு டாக்டர். உடம்பைக் காக்க வேண்டிய காவலே நரம்பின் உறையைத் தின்னும் நோய். நான் காய்ச்சலைப் பற்றிச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டார். "இது பரம்பரையா வர்ற அழற்சிக் காய்ச்சலா இருக்கலாம்மா. அது இருக்கிறவங்களுக்கு இந்த நரம்பு நோயும் கொஞ்சம் கூடுதலா வருதோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. ஏன்னு இன்னும் தெளிவாத் தெரியல. காய்ச்சல் வர்ற எல்லாருக்கும் இது வரும்னு அர்த்தமில்ல. ஆனா உங்க அண்ணனும் அவங்க பிள்ளைங்களும் ஒருதடவை காட்டிடறது நல்லது."

அன்றே அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் மகள் தேன்மொழிக்கு வரன் கூடியிருந்த நேரம். டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "கல்யாணம் முடியட்டும்த்தா. அதுவரைக்கும் வாயத் தொறக்காத" என்றார்.

"பிள்ளைக்கு வருதாண்ணே?"

"அதெல்லாம் ஒண்ணும் வரல."

சண்டை போட உடம்பில் தெம்பில்லை. ஸ்டீராய்டு ஏற்றிய முகம் உப்பிப்போயிருந்தது. மாடிப்படி ஏறவே பாதி நாள் போனது போல இருக்கும். பத்து நாள் கழித்துத் தேன்மொழியே அழைத்தாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள்.

"அத்தை, அன்னைக்கு நான் லீவுல வீட்டுக்கு வந்திருந்தேன், அப்பா போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. எனக்கும் வருது. பத்தாவது படிக்கிறப்பலேர்ந்து."

"இப்ப எப்படிம்மா இருக்கே?"

"இப்பவும் காய்ச்சலாத்தான் இருக்கேன். உங்ககிட்ட என்ன சொன்னாங்கன்னு அப்படியே சொல்லுங்க. பயப்பட மாட்டேன்."

சொன்னேன். உறுதியாகத் தெரிந்ததையும், யாருக்கும் தெரியாததையும் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். அவளே போய்ச் சோதனை செய்துகொண்டாள். சென்னையில் என் ரத்தத்தைச் சோதித்தபோது தெரிந்த அதே மரபணுக் கோளாறு அவளுக்கும் இருந்தது; நரம்பில் ஒன்றுமில்லை. மாத்திரையில் காய்ச்சல் அடங்கியது. மாப்பிள்ளை வீட்டாரிடமும் அவளே பேசினாள். யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் பிறகு பேசவே இல்லை. "போகட்டும் அத்தை, முன்னாடியே தெரிஞ்சிருச்சே" என்று அவள் சொன்னபோது குரல் உடைந்ததை நான் கேட்கத்தான் செய்தேன்.

வரன் கலைந்ததும் அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சிகிச்சைக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை சென்னை போய் வந்தேன். காரைக்குடிக்குப் போகவில்லை. கிளம்பும்போது இங்கே விமான நிலையத்தில் "மெயின்லேண்டுக்கா?" என்பார்கள், திரும்பும்போது சென்னையில் "ஊருக்கா?" என்பார்கள். இரண்டுக்கும் தலையாட்டினேன்.

போன டிசம்பரில், பள்ளி விட்டு வந்து படுத்திருந்தபோது அண்ணனிடமிருந்து வீடியோ கால் வந்தது. இரண்டு வருஷத்தில் கிழவராகியிருந்தார். போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்தியிருந்தார்.

"காய்ச்சல்த்தா," என்றார். "அந்த டாக்டருகிட்டக் காட்டலாம்னு இருக்கேன். தேனு கூட்டிட்டுப் போறேங்கிறா."

"போங்கண்ணே. பயப்பட ஒண்ணுமில்ல."

"இத்தனை காலம் சும்மா கெடந்து அனுபவிச்சிருக்கோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ ஏன்த்தா அங்க கெடந்து கஷ்டப்படுற? இங்க வந்துரு."

பதில் சொல்ல வாயெடுத்தேன். வெளியே செல்வத்தின் வண்டிச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா "பாபி, பானி ஆ கயா" என்று கத்தினாள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, தொட்டியை நிரப்ப வேண்டும். "என்னத்தா, எங்க இருக்கே? மொகமே தெரியலயே" என்றார் அண்ணன். அப்போதுதான் கவனித்தேன். மணி ஐந்தரை. கிழக்கே தள்ளியிருக்கிற இங்கே பொழுது முன்னதாகவே சாய்ந்து அறை இருண்டுவிட்டது. போனில் அவர் முதுகுக்குப் பின்னால் காரைக்குடி வெயில் இன்னும் சுவரில் இருந்தது. கீழ் மூலையில், சிறு கட்டத்துக்குள், என் முகம் இருந்த இடம் கறுப்பாக இருந்தது. லைட்டைப் போட எழுந்தேன். எழுந்தவள் அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன்.