ஃபேன் அக்காவின் ட்ரோன்

எங்கள் அக்காவைத் தெருவில் எல்லோரும் ஃபேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடையில் பதினைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். எரிந்துபோன ஃபேனை மோந்து பார்த்தே எங்கே எரிந்தது என்று சொல்லிவிடுவாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அது எங்கள் குடும்பச் சொத்து, எனக்கும் பங்கு உண்டு.

அவள் கணவர், அதாவது என் மாமா, அதற்கு நேர் எதிர். உயரமான கட்டிடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிப்பவர். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் விரிசல் எங்கே இருக்கிறது என்று பார்க்கவே ஒருமுறை தொங்கி இறங்க வேண்டும். அப்படி இறங்கும்போது ஒருநாள் கயிறு சட்டென்று ஒரு சாண் இறங்கிவிட்டது. தோள் சுவரில் மோதிப் பிசகிப் போனது. கயிறு ஏன் இறங்கியது என்று சூப்பர்வைசர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உயிரோடதானே இருக்கே? கை சரியானதும் வந்துடு" என்றார். மாமா தலையை ஆட்டிவிட்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆள்மேல் பாதி, மாமா தலையை ஆட்டினாரே, அதன்மேல் பாதி.

அக்கா நேராக வேலை நடக்கும் இடத்துக்கே போனாள். நானும் கூடப் போனேன்.

"சுவரைப் பாக்க ட்ரோன் இருக்கே சார், மனுஷனை எதுக்குத் தொங்கவிடுறீங்க?"

"வாடகை நீ குடுப்பியாம்மா? படம் கொண்டுவா, பாக்குறதுக்கு ஆளை ஏத்தல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"நானே பண்றேன்" என்றாள் அக்கா.

உடைந்த ஜன்னலின் அலுமினியப் பட்டைகளை அறுத்து நான்கு கைகள் வைத்தாள். மூளையாக வேலை செய்யும் போர்டு பழசு, யாரோ மரத்தில் மோதி உடைத்த ட்ரோனிலிருந்து கழற்றியது. திரை நொறுங்கிய என் போன்தான் கேமரா. மோட்டாரும் இறக்கையும் மட்டும் கடையில் புதிதாக வாங்கியது. இறக்கைகளைப் பிரித்துப் பார்த்தவள் கத்தினாள்.

"பாருடி, ரெண்டு இறக்கை எதிர்ப்பக்கமா வளைஞ்சிருக்கு! கழிச்சுப் போட்டதை நம்ம தலையில கட்டிட்டான்!"

கடைக்காரரிடம் போய் ஒரு பிடி பிடித்தாள். அவர் ஏதோ விளக்க வாயைத் திறந்தார், விட்டால்தானே. கடைசியில் ஆளை விட்டால் போதும் என்று மாற்றிக் கொடுத்துவிட்டார். வீட்டில் மோட்டார்களை ஓட்டிப் பார்த்தால் இரண்டு வலப்பக்கம் சுற்றின, இரண்டு இடப்பக்கம். அக்காவுக்கு ஃபேன் தலைகீழாகச் சுற்றுவது தன்மானப் பிரச்சினை. உடனே ஒயர்களை மாற்றி ஈயம் வைத்து, நான்கையும் ஒரே பக்கம் சுற்றவிட்டாள்.

மொட்டை மாடியில் பறக்கவிட்டோம். ஒரு முழம் எழும்பியது. பிறகு பேய் பிடித்த மாதிரி தன்னையே சுற்றிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியில் மோதி, ஒரு கை முறிந்து விழுந்தது. நான் சிரித்துத் தொலைத்தேன். அக்கா ஸ்பேனரை என்மேல் எறிந்தாள். நல்லவேளை, குறி தவறியது.

சாப்பிடாமல் படுத்து, சீலிங் ஃபேனையே முறைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"ஃபேன் ஒரு பக்கம் சுத்தினா, மோட்டாரைப் பிடிச்சிருக்கிற கம்பி எதிர்ப்பக்கம் சுத்தப் பாக்கும். கூரை பிடிச்சிருக்கு, அதனால சுத்தல. ட்ரோனை யாருடி பிடிச்சிருக்கா? ரெண்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம் சுத்தினாத்தான் அது நேரா நிக்கும். மடச்சி நான்! பதினைஞ்சு வருஷம் மோட்டாரைக் கட்டிக்கிட்டு அழுதேனே!"

மறுநாள் ஒயர்களைப் பழையபடி மாற்றி, முறிந்த கைக்கு வேறு பட்டை வைத்துவிட்டு, அதே கடைக்குப் போனாள். கடைக்காரர் அதே இரண்டு இறக்கைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். அக்கா வாயே திறக்காமல் கடையைவிட்டு வெளியே வந்தது அன்று ஒருநாள்தான்.

மாமா வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முதல்நாள் ட்ரோன் அந்தக் கட்டிடத்தின் பன்னிரண்டு மாடியையும் படம் எடுத்துவிட்டு இறங்கியது. அக்காவின் போனில் போட்டுப் பார்த்தால் விரிசல்கள் பளிச்சென்று தெரிந்தன. கூடவே கேட்காத ஒன்றும் தெரிந்தது. மொட்டை மாடிச் சுவருக்கு வெளியே நீட்டியிருக்கும் இரும்புக் கொக்கியில்தான் கயிற்றைக் கட்டுவார்கள். மேலே நின்று பார்த்தால் பெயிண்ட் அடித்துப் புத்தம் புதிதாக இருக்கும். படத்தில் அதன் அடிப்பக்கம் துரு தின்று பாதிதான் மிச்சம், கீழ்நோக்கித் தொய்ந்தும் இருந்தது. கயிறு ஏன் இறங்கியது என்று இப்போது புரிந்தது. மாமா படத்தைப் பார்த்தார். போனைக் கீழே வைத்துவிட்டார்.

காலையில் மூன்று பேரும் போய்ச் சூப்பர்வைசரிடம் காட்டினோம். விரிசல் படங்களை வாங்கிக்கொண்டார்.

"கொக்கியை யாரு எடுக்கச் சொன்னா? அதை அழிச்சிடும்மா. இத்தனை வருஷம் தாங்கலையா? பயமா இருந்தா உன் புருஷன் வீட்லயே இருக்கட்டும், எனக்கு ஆள் இருக்கு."

ஆள் இருந்தது உண்மைதான். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் புதிதாக நான்கு பேர் இடுப்பில் பெல்ட் கட்டி நின்றார்கள். ஒருவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. மேலே அண்ணாந்து பார்த்தேன். மொட்டை மாடியிலிருந்து குனிந்து, கொக்கியின் மேல்பக்கத்தில் வேறொருவன் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான்! நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

மாமா போனை எடுத்துக்கொண்டு அந்த நான்கு பேரிடம் நடந்தார். ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் படத்தைப் பிடித்தார்.

"இதுலதான் தம்பி நான் தொங்கினேன். நல்லாப் பாத்துக்கோங்க."

முதலில் அந்தச் சின்னவன் பெல்ட்டைக் கழற்றினான். பிறகு மற்ற மூன்று பேரும்.

"அப்ப யாருடா ஏறுறது?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

மாமா கீழே கிடந்த பெல்ட்டை எடுத்துத் தூசி தட்டி அவரிடம் நீட்டினார்.

"நீங்க ஏறுங்க சார்."