எச்சில் பட்ட காற்று

குற்றாலத்துக் காற்றை யாராவது என்னிடம் புகழ்ந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காற்றை வாடகைக்கு விட்ட குடும்பத்தில் பிறந்தவள் நான். ஆனியில் சாரல் தொடங்கியதும் வீட்டின் முன்கட்டை ஒழித்துச் சீசனுக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிட்டு, நாங்கள் எல்லோரும் பின்கட்டில் அடைந்துகொள்வோம். வந்தவர்கள் அருவியில் குளித்துவிட்டு வாசலில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, என்ன காற்று, என்ன காற்று என்பார்கள். பெரியப்பா அதைத் தானே செய்து வைத்ததுபோல் தலையாட்டிக்கொள்வார்.

அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டவள் என் அத்தை. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. கல்யாணமான சுருக்கிலேயே தாலியறுத்துத் திரும்பி வந்தவளை அடுப்படியில் விட்டார்கள், விட்டதோடு சரி. சாரல் காலத்தில் விறகு காயவே காயாது. மூன்று அடுப்பையும் மாற்றி மாற்றி ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருப்பாள். அடுப்படிக்கு ஒரு சன்னல் இருந்தது. புகை முன்கட்டுக்கு வருகிறது என்று வாடகைக்கு இருந்த யாரோ முகத்தைச் சுளித்தார்கள் என்பதற்காகப் பெரியப்பா அதையும் பலகை அடித்து மூடிவிட்டார்.

எனக்கு நினைவு தெரிந்த நாளாக அத்தைக்கு இளைப்பு. தண்ணீர்க் குடத்தோடு நாலு எட்டு வைத்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். அவள் கறுப்பு, அவள் குட்டை என்பதுபோல அவளுக்கு இளைப்பு என்றும் வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். அதற்கு வைத்தியம் உண்டு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷச் சீசனுக்கு மதுரையிலிருந்து ஒரு மில் முதலாளி மனைவியோடு வந்து முன்கட்டில் இறங்கினார். அவருக்கும் அதே இளைப்புதான். ஆனால் அவருடைய இளைப்புக்கு மரியாதை இருந்தது. ரயிலில் தென்காசி வரைக்கும் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் வைக்கோல் மெத்தைமேல் படுத்துக்கொண்டு, ஆள் உயர இரும்புக் குழாய் ஒன்று அவருக்காக வந்து சேர்ந்தது. அதற்குள் பிராணவாயு இருக்கிறதாம். மூக்கையும் வாயையும் மூடுகிற ரப்பர் மூடியை வைத்துத் தினமும் கொஞ்ச நேரம் கொடுக்கத் தென்காசியிலிருந்து ஒரு டாக்டர் வந்து போனார்.

பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "குத்தாலத்துக்கு வந்துட்டு இரும்புக்குள்ள இருக்க காத்தையா இழுப்பாவ?" என்று பின்கட்டில் வந்து முணுமுணுத்தார்.

ஒரு நாள் மதியம், கொதிக்கிற உலைக்கு முன்னால் அத்தை அப்படியே சரிந்துவிட்டாள். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. நான் கத்திக்கொண்டே முன்கட்டுக்கு ஓட, முதலாளியைப் பார்க்க வந்திருந்த டாக்டர் வந்து பார்த்தார். நெருப்புப் பக்கம் அந்தக் குழாயைக் கொண்டுவரவே கூடாது என்று சொல்லி, என் அம்மாவும் அவருமாக அத்தையைத் தூக்கிப்போய் முன்கட்டுக் கூடத்தில் கிடத்தினார்கள். டாக்டர் ரப்பர் மூடியை அவள் முகத்தில் வைத்துத் திருகைத் திறந்தார்.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கறுநீலம் மெல்ல மெல்ல வடிந்து அத்தையின் உதட்டுக்குச் சொந்த நிறம் வந்தது. கண்ணைத் திறந்து, மூடியை விலக்கிக்கொண்டு, "ஏட்டி, நெஞ்சு மேல இருந்து யாரோ அம்மிய எறக்கி வச்சாப்ல இருக்கு" என்றாள். அவள் ஒரு பேச்சை நடுவில் மூச்சு வாங்காமல் முழுசாகச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்போது பார்த்துக் கோயிலுக்குப் போயிருந்த முதலாளியின் மனைவி திரும்பி வந்தாள். நேராக மூடியைப் பார்த்தாள், அத்தையின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள், கூச்சல் போட்டாள்.

"கொதிக்கிற தண்ணியில கழுவித் தந்துருதேன் அம்மா" என்றார் டாக்டர்.

"கழுவுனா எச்சி போகும். தாலியறுத்தவ மூச்சு போகுமா? இனி அது என் புருஷன் மூஞ்சியில படப்படாது!"

உள்ளே படுத்திருந்த முதலாளி, "அதனால என்ன, இருக்கட்டுமே" என்று இழுத்த குரல் எனக்குக் கேட்டது. அந்தம்மாளுக்குக் கேட்கவில்லை. மூடி மட்டுமல்ல, குழாயே தீட்டாகிவிட்டது. அதைத் தூக்கி மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினார்கள். மதுரைக்கு வேறொன்றுக்குத் தந்தி போயிற்று. அது வந்து சேர்கிறவரை முன்கட்டில் முதலாளி மூச்சுக்குத் தவித்தார், பின்கட்டில் அத்தை தவித்தாள், கொட்டகையில் காற்று நிறைந்த குழாயை எங்கள் எருமை நக்கிக்கொண்டிருந்தது.

குழாயை ஒதுக்கிய அன்றே டாக்டர் பெரியப்பாவைக் கொட்டகைக்கே கூட்டிப்போனார். "அவுகளுக்கு வேண்டாம்னு ஆயிட்டு. தீருத மட்டும் உங்க தங்கச்சிக்காவது குடுப்பமே, அண்ணாச்சி" என்று கேட்டார்.

"சீசன் நேரத்துல என்ன சொல்லுதிய? இங்கன ஒரு பொம்பளைக்கு இத வச்சிருக்குன்னு தெரிஞ்சா, வீட்ல காசநோயின்னு பேராயிரும். அப்புறம் நம்ம காத்த நம்பி எவன் வருவான்?"

"காசம் இல்ல. புகை. அத்தனை வருஷப் புகையும் நெஞ்சுக்குள்ள இருக்கு. குழாயக் குடுக்காட்டாலும் போகுது, அவுகள அடுப்படிய விட்டு வெளிய வைங்க."

பெரியப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ சமையலுக்கு யாரு?" என்று கேட்டார்.

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு போனார். அத்தை அன்று சாயங்காலமே அடுப்படிக்குத் திரும்பினாள். அடுத்த சீசனை அவள் பார்க்கவில்லை.

அந்தம்மாள் மேல் எனக்கு அன்றைக்கே ஆத்திரம் வந்தது. அவள் துணி காயும் கொடியை அறுத்துவிட்டு ஓடினேன். குழாயைக் கொடுக்க விடாத பெரியப்பாவோடு பல நாள் பேசவில்லை. கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் கொட்டகை வாசலில் நின்று நான் ஒட்டுக்கேட்ட அவருடைய அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் எனக்குக் கோபமூட்டவில்லை. பெரியப்பா கேட்டது நியாயம்தானே, சமையலுக்கு யாரு என்று நானும் யோசித்துக்கொண்டே சாப்பிடப் போனேன்.